நானாவின் வலைக்கடை: வீட்டுக்குள் வளரும் வேட்டை நாய்க்கு ஏற்ற கடை

திருகோணமலையில் பீகிள் மாதிரி ஒரு வேட்டை நாயை வீட்டுக்குள் வளர்ப்பவர்கள், நாய்ச்சாமானுக்குக் கொழும்புக்கு ஓர்டர் போட முன்னர் சந்தைப் பக்கம் உள்ள மீன்வலைக் கடை ஒன்றுக்குள் ஒருக்கால் போய்ப் பாருங்கள். நான் எழுதுவது அப்படியொரு கடையைப் பற்றித்தான். பெயர்ப்பலகை எழுத்தை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. ஊருக்குள் "நானாவின் கடை" என்றாலே போதும். வள்ளக்காரர் கயிறு, வலை, மிதவை, ஈயம், தூண்டில் வாங்கும் இடம். நாய்க்கென்று ஒரு சாமானும் அங்கே கிடையாது. ஆனால் எங்கள் சீனி இன்றைக்குப் பாவிக்கும் பொருட்களில் முக்கால்வாசி அங்கே வாங்கியவை.

சீனி, தம்பி குடும்பம் கனடாவுக்குப் போனபோது எங்கள் உவர்மலை வீட்டில் விட்டுப்போன பீகிள் பெட்டை. 11 கிலோ, முழங்காலுக்குக் கீழே நிற்கும் உயரம், தொங்கு காது, நுனி மட்டும் வெள்ளையான வால். பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஐயோ, பொம்மை மாதிரி" என்று தூக்க வருவார்கள். பொம்மைதான், மூக்கு தரையைத் தொடும்வரை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்று வளர்த்தெடுத்த இனம் இது. கூட்டமாக மோப்பம் பிடித்துக்கொண்டு போகும், வேட்டைக்காரர் பின்னால் நடந்தும் ஓடியும் போவார்கள். புல்லுக்குள் நாய் மறைந்துவிட்டாலும் அந்த வெள்ளை வால் நுனி மேலே தெரியும். எசமான் சொல் கேட்பதற்காக அல்ல, எசமான் கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் தானாக முடிவெடுத்துத் தடத்தை விடாமல் பிடிப்பதற்காகப் பழக்கப்படுத்திய நாய். அதைக் கூப்பிட்டால் உடனே திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய பிழை, நாயுடையது அல்ல.

இந்த ஊரில் அதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. மான்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோட்டை வாசலிலும் புள்ளிமான்கள் ஆடுமாடு போல உலாவுகின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் வாழைப்பழம் கொடுத்துக் கொடுத்து, இப்போது அவை ஆட்களைக் கண்டு ஒதுங்குவதே இல்லை. சீனியோடு அந்தப் பக்கம் போனால் ஒரு வேடிக்கை நடக்கும். பத்தடி தூரத்தில் ஒரு கிளைக்கொம்பன் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருக்கும். இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். அந்த மான் எப்போதோ நடந்துபோன தடத்தில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, நேர் எதிர்த்திசையில் என்னை இழுப்பாள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கிரேஹவுண்ட் எல்லாம் கண்ணால் வேட்டையாடுகிற நாய்கள். ஓடுகிற பொருளைக் கண்டால்தான் அவற்றுக்குப் பைத்தியம் பிடிக்கும். பீகிளுக்கு மணமே போதும், மான் அங்கே நிற்கவேண்டும் என்றுகூட இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் நுவரெலியாவில் நாய்க்கூட்டம் வைத்து மரை வேட்டையாடினார். அது அந்தக் காலம். இன்று புள்ளிமானை நாய் கடித்தால், சட்டத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது நாய் அல்ல, நாம். காட்டு விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கோயில் வாசலில் மானைத் துரத்தும் நாயின் சொந்தக்காரி என்று இந்த ஊரில் பெயரெடுத்துவிட்டு எப்படிக் குடியிருப்பது? ஆகவே சீனிக்குக் கயிறு இல்லாத வெளி கிடையாது. கடைக் கதை அந்தக் கயிற்றில்தான் தொடங்குகிறது.

முதலில் ஒன்லைனில், தானாகச் சுருண்டு உள்ளே போகும் வார் ஒன்றை வாங்கினோம். கம்பனிப் பெயர் வேண்டாம். உப்புவெளிக் கடற்கரை மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனதும் அதன் சுருள் நின்றுவிட்டது. நின்றது நல்லதுக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வகை வார் எப்போதும் நாயைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். இழுத்தால்தான் நீளம் கிடைக்கும் என்று நாய் ஒரு நாளிலேயே படித்துவிடும். அதோடு வந்த கொழுக்கி மழைக்காலம் முடிய முன்னரே பச்சை பூத்து இறுகிவிட்டது. மேற்பூச்சு மினுங்கும், உள்ளே மலிவான வார்ப்பு. கொழும்பு அடுக்குமாடியில் அது பல வருடம் தாக்குப்பிடிக்கலாம், இங்கே காற்றே உப்பு.

நானாவின் கடைக்கு அனுப்பியது பக்கத்து வீட்டு அண்ணை. "ரீச்சர், கடலுக்குள்ள போற சாமானை வாங்குங்கோ, கரையில கிடக்க அது பழுதாகாது" என்றார்.

கடை ஒடுக்கம். இரண்டு பக்கமும் கயிற்றுச் சுருள்கள், மேலே தொங்கும் வலைகள், தார் மணம், மண்ணெண்ணெய் மணம், எல்லாவற்றுக்கும் மேலால் ஒரு பழைய மீன் மணம். சீனிக்கு அது சொர்க்கவாசல். ஆனால் நானா நாயை உள்ளே விடமாட்டார், அதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. தரையில் எங்காவது ஒரு தூண்டில் முள் கிடக்கும், கடைப்பூனை ஒன்று கயிற்றுச் சுருளுக்குள் படுத்திருக்கும். வெளியே வேப்ப மரத்தடியில் நாயோடு யாரையாவது நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். இன்னோர் ஆள் கிடைக்காத நாளில் நான் போவதில்லை.

என்ன தேவை என்று சொன்னபோது நானா சிரிக்கவில்லை. "எத்தனை கிலோ? எவ்வளவு வேகத்தில பாயும்? உப்புத்தண்ணி படுமா?" வள்ளத்துக்கு நங்கூரக் கயிறு கேட்டாலும் இதைத்தான் கேட்பாராக்கும். பிறகு இரண்டு கயிற்றை மேசையில் போட்டார். ஒன்று பச்சை நிறம், தண்ணீரில் மிதக்கும், விலை குறைவு. ஆனால் கையில் உரசினால் தும்பு குத்தும், வெயிலில் கிடக்கக் கிடக்க உதிர்ந்து பொடியாகும். மற்றது வெள்ளை நைலோன், முப்புரி. நனைந்தால் பாரம், மிதக்காது. ஆனால் தொட்டால் மெது, இழுபட்டால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அந்த நீண்டுகொடுத்தல்தான் நமக்கு வேண்டியது. ஓடிப்போய்க் கயிற்று நுனியில் நிற்கும் நாயின் உடம்பில் விழும் அடியை அது குறைக்கிறது. 8 மில்லிமீற்றர் தடிப்பில் 10 மீற்றர் எடுத்தேன். பலத்துக்கு 6 மில்லிமீற்றரே தாராளம், ஆனால் மெல்லிய கயிறு கையை வெட்டும்.

கடை மூலையில் ஒரு ஐயா இருப்பார். திருக்கடலூர்க்காரர், கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இப்போது வலை பொத்துகிறார். கயிற்று நுனியில் கொழுக்கியைக் கட்டித் தாருங்கள் என்று கேட்டேன். "கட்டக் கூடாது பிள்ளை" என்றார். நுனியை எடுத்து மூன்று புரியையும் ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்தார். ஒவ்வொரு புரியின் முனையையும் லைட்டர் நெருப்பில் காட்டி, எச்சில் தொட்ட விரலால் உருட்டிக் கூராக்கினார். கொழுக்கியின் வளையத்துக்குள் கயிற்றை மடித்து, ஒரு மர ஆணியால் கயிற்றின் முறுக்கை நெம்பித் திறந்து, முதல் புரியை அதற்குள் நுழைத்தார். அடுத்ததை அதற்கடுத்த இடைவெளிக்குள். மூன்றாவதுக்குக் கயிற்றையே புரட்டிப் பிடித்தார். ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கி, மறுபடி முதலில் இருந்து. சணல் கயிறென்றால் மூன்று சுற்றுப் போதுமாம், நைலோன் வழுக்கும் என்பதால் ஐந்து. கடைசியில் காலுக்கடியில் போட்டு உருட்டி எடுத்தார். முடிச்சே இல்லை, கயிறு கொஞ்சம் தடித்து மறுபடி மெலிகிறது, அவ்வளவுதான். முடிச்சுப் போட்டால் கயிறு அந்த இடத்தில் பலத்தை இழக்கும், அதோடு புதரிலும் வேரிலும் சிக்கும். இது எதிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. இந்த வேலைக்குக் காசு வாங்கமாட்டேன் என்றார். நான் வைத்துவிட்டு வந்தேன்.

கொழுக்கி தெரிவதிலும் நானாவுக்கு ஒரு முறை இருக்கிறது. பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும். கொழுக்கியை அதில் வைப்பார். சட்டென்று ஒட்டினால் "இது இரும்பு" என்று ஒதுக்கிவிடுவார். ஒட்டாத துருப்பிடிக்கா உருக்கில் இரண்டு வகை: சமையல் பாத்திர ரகமான 304, கடலுக்கான 316. கையில் எடுத்துப் பார்த்து நமக்கு வித்தியாசம் தெரியாது. 316 என்று மேலே வெட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொழுக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் சுவிவல் என்ற சுழலும் இணைப்பு ஒன்றைப் போட்டுத் தந்தார். நாய் சுழன்று சுழன்று மோப்பம் பிடிக்கும்போது கயிறு முறுக்கேறாமல் இருப்பதற்கு. மீனுக்குச் செய்த ஏற்பாடு, நாய்க்கும் அப்படியே பொருந்துகிறது. கயிறு, சுவிவல், கொழுக்கி மூன்றும் சேர்த்து, அந்தச் சுருள் வாரின் விலையில் பாதிகூட வரவில்லை.

நீளக் கயிறு வாங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. அதைக் கழுத்துப்பட்டியில் மாட்டக் கூடாது. 10 மீற்றர் ஓடிவந்த வேகத்தில் கழுத்து வெட்டி நின்றால் நாய்க்கு ஆபத்து. நெஞ்சுப்பட்டியில்தான் மாட்டவேண்டும். இரண்டாவது, கையுறை. வெறுங்கையில் நைலோன் ஓடினால் தோல் கழன்றுவிடும். வலை இழுப்பவர்கள் போடும், உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை அதே கடையில் இருக்கிறது.

நெஞ்சுப்பட்டி அங்கே இல்லை. உயிர்காப்பு அங்கிக்குத் தைக்கும் அகல வார் மீற்றர் கணக்கில் இருந்தது. அதை வாங்கி, பை தைப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். முன்பக்கம் இரண்டு வாரும் நெஞ்செலும்பில் சந்தித்து, பிறகு ஒன்றாகிக் கால்களுக்கு நடுவே போகவேண்டும், தோள்பட்டைக்குக் குறுக்கே போகக் கூடாது என்று படம் கீறிக் காட்டினேன். நன்றாகத் தைத்தார், ஆனால் வாரின் ஓரம் முரடு. சீனியின் கக்கத்தில் முடி உதிர்ந்து சிவந்துபோனது. உள்ளே பழைய சாரத் துணி வைத்துத் தைத்த பிறகுதான் சரிவந்தது. இதற்கு மட்டும், கையில் காசு இருந்தால் நாய்க்கென்றே செய்த பட்டியை வாங்குங்கள் என்பேன்.

அப்புறம் வீட்டுக்குள். அம்மாவுக்கு நாய் வீட்டுக்குள் இருப்பதே சம்மதம் இல்லை. நாய் என்றால் விறாந்தை, கூடினால் வாசற்படி. தம்பி விட்டுப்போன பிள்ளை என்பதால்தான் சீனி கூடத்துக்குள் வந்தாள். சாமியறைக்கும் குசினிக்கும் தடை. தடையை நாய்க்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கதவைச் சாத்தினால் அம்மாவுக்குக் காற்று வராது. தடித்த நூலில் பின்னிய வலைத்துண்டு ஒன்றைப் பிளாஸ்ரிக் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு வாசலுக்கும் அரைக்கதவு செய்தோம். அம்மா உள்ளே விளக்கேற்றும்போது சீனி வலைக்கண்ணுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு சாம்பிராணி மணத்தை ஆராய்வாள். சாமியறைப் பக்கம் கால் வைப்பதில்லை. அம்மாவும் இப்போது, பிரசாதத்தில் ஒரு துண்டு பழம் வலைக்கு வெளியே விழுந்தால் கண்டும் காணாமல் விடுகிறார். பழம் என்றாலும் முந்திரிகையும் (திராட்சை) முந்திரிகை வத்தலும் நாய்க்கு விஷம். பஞ்சாமிர்தம் பக்கமே விடாதீர்கள்.

வலை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஒற்றை இழையில் பின்னிய தங்கூசி வலை வேண்டவே வேண்டாம். மெல்லிசு, கண்ணுக்குத் தெரியாது, காலில் சுற்றினால் சதையை வெட்டும், கடித்து விழுங்கினால் குடலில் சிக்கும். பலபுரி நூல் வலை மட்டும் கேளுங்கள். அதே வலையை வேலியின் அடியிலும் ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்திருக்கிறோம். பீகிள் மதிலைத் தாண்டுவதைவிட மண்ணைத் தோண்டுவதில்தான் கெட்டி. புதைத்தபின் ஒரு மூலையில் மட்டும் இன்னும் தோண்டிப் பார்க்கிறாள். வலையில் நகம் பட்டதும் விட்டுவிடுகிறாள்.

கடையில் வாங்கியதில் எனக்கு அதிகம் பிடித்தது, கிட்டத்தட்ட இனாமாகக் கிடைத்த ஒன்று. கழித்துப்போட்ட தடித்த வலைத்துண்டு, ஒரு மேசை விரிப்பு அளவு. அதன் ஒவ்வொரு கண்ணிலும் பழைய சாரத்தைக் கிழித்து நாடா நாடாவாகக் கட்டினோம். புல் முளைத்த பாய் மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் நாய் உணவு உருண்டைகளைத் தூவிவிட்டால், சீனி மூக்கால் துழாவித் துழாவி ஒவ்வொன்றாக எடுப்பாள். காது இரண்டும் துணிக்குள் விழுந்து கிடக்கும். மூக்கில் இருந்து புஸ் புஸ் என்று குட்டி ரயில் போகிற சத்தம். மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் கலங்கள் சுமார் 50 இலட்சம், பீகிளுக்கு 20 கோடிக்கும் மேல் என்பார்கள். அமெரிக்காவில் 1984 தொடக்கம் விமான நிலையங்களில் பயணப் பைகளுக்குள் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் பிடிக்க இந்த இனத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மூக்குக்கு ஒரு தட்டில் சாப்பாட்டைக் கொட்டிக் கொடுத்தால், மீதி நாள் முழுக்க அது என்ன செய்யும்? சோபாவைத் தோண்டும், குப்பைவாளியைக் கவிழ்க்கும், ஊளையிடும். இந்தப் பாயில் கால் மணித்தியாலம் மேய்ந்தால் சீனி நீட்டிப் படுத்துவிடுவாள். ஒரு மணி நேரம் நடத்திக்கொண்டு போனாலும் அப்படிப் படுப்பதில்லை.

ஊளையைப் பற்றியும் சொல்லவேண்டும். பீகிளின் குரல் குரைப்பு அல்ல. தொண்டையைத் திறந்து, தலையை அண்ணாந்து, ஒரு நீள ஓசை. வேட்டையில் கூட்டத்துக்குத் தடம் சொல்லும் குரல். இரவு மெயில் ரயில் கூவினால் சீனி பதில் சொல்வாள். இதற்கு நானாவின் கடையில் மருந்து இல்லை. சுவர் ஒட்டிய வீட்டில் குடியிருப்பவர்கள் பீகிள் வாங்கமுன் ஒருமுறை அந்தக் குரலைக் கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் அந்த நேரத்துக்கு மோப்பப் பாயைப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் சாப்பாடு வெல்லும்.

சாப்பாட்டைப் பூட்டிவைக்கவும் அங்கேதான் வாங்கினோம்: வள்ளத்தில் சாமான் நனையாமல் வைக்கும், திருகு மூடி போட்ட நீலக் கான். அலுமாரிக் கதவைத் திறக்கப் படித்த நாய்க்கு இதைத் திறக்கத் தெரியவில்லை. புதியதாகவே கேளுங்கள். பாவித்த கான்களில் முன்பு அமிலமோ மருந்தோ இருந்திருக்கலாம், கழுவினாலும் நம்பமுடியாது. எலியும் எறும்பும் உள்ளே போகவில்லை, மாரியில் உணவு நமுத்துப் போகவும் இல்லை. பூட்டு அவசியம், ஏனென்றால் பீகிளுக்கு வயிறு நிரம்பியது தெரியாது. மிருக வைத்தியர் ஒவ்வொரு முறையும் முதலில் தராசில்தான் ஏற்றுகிறார். பிறகு காதைத் தூக்கிப் பார்க்கிறார். கடலில் விளையாடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, காதுக்குள் ஈரமில்லாமல் துடைக்கவேண்டும். தொங்கு காதும் எங்கள் ஊர் வெக்கையும் சேர்ந்தால் உள்ளே புண் வர நாளாகாது. உண்ணிக்கு மருந்து, விசர்நாய்த் தடுப்பூசி எல்லாம் அவரிடம்தான். உண்ணிக் காய்ச்சலுக்கு நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. வெட்டிய கயிற்றைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். அளவைச் சரியாகத் தெரிந்துகொண்டு போகவேண்டும். பில் கேட்டால்தான் எழுதுவார்கள், அதுவும் சிகரெட் பெட்டி அட்டையில். 316 கொழுக்கி எப்போதும் இருப்பதில்லை, "அடுத்த கிழமை வாங்கோ" என்பது இரண்டு மூன்று கிழமை போகும். நான் இப்போதும் ஒன்றுக்குக் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஈயக்குண்டு, தூண்டில், விளக்குக்குச்சி எல்லாம் ஒரே பைக்குள் போட்டுத் தருவார்கள். மற்றவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை, நாய் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவர முன் பையைத் தட்டிப் பார்க்கவேண்டும். ஈயம் ஒரு குண்டு வயிற்றுக்குள் போனாலும் விஷம்.

விடியக்காலை வள்ளங்கள் வந்து சேரும் நேரத்தில் போனால் உங்களைக் கவனிக்க ஆள் இராது. பத்து மணிக்குப் பிறகு போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டு. கயிற்றில் வெள்ளையை விட்டுச் செம்மஞ்சள் இருந்தால் அதைக் கேளுங்கள். கடற்கரை மணலில் வெள்ளை கண்ணுக்குத் தெரியாது, ஓடி விளையாடும் பிள்ளைகளின் காலில் சிக்கும்.